தாழைக்கரை முன்பறவை

காற்றுக்கு முறை வைத்து, ஏரிக்கு உறவு வைத்து மனிதர்கள் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தென்சீமையில் தாழைக்கரை என்றோர் ஊர் இருந்தது. ஊரைவிடப் பெரிதாக அதற்கு ஓர் ஏரி இருந்தது. ஊருக்கும் ஏரிக்கும் சேர்த்து ஒரு தலைவன் இருந்தான். அவன் பெயர் கண்டன்.

கேட்பவர்கள் சற்று நெருங்கி உட்காருங்கள். பெரியவர்களும்தான். இந்தக் கதை பிள்ளைகளைவிடப் பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியது.

ஐப்பசி பிறந்து, வாடைக் காற்று வீசத் தொடங்கி, மழைநீர் ஏரிக்குள் வந்து சேர்ந்ததும் பறவைகள் வரும். நாரை வரும், கூழைக்கடா வரும், பூநாரை வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, எல்லாவற்றையும்விட உயரத்தில், சாம்பல் நிறத்துப் பெரிய வாத்துகள் வரும். அவற்றின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். பனி மூடிய மலைகளைத் தாண்டி வருகின்றன என்று வணிகர்கள் சொல்வார்கள். தாழைக்கரையில் பனிமலையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த வாத்துகளைத் தெரியாதவரும் ஒருவரும் இல்லை.

ஊர்க்காரர்கள் அவற்றை வெறும் பறவைகளாக நினைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வரும் பெண்பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். முதல் கூட்டம் இறங்கியதும் பெண்கள் மஞ்சள்நீர்த் தட்டோடு கரைக்கு ஓடி ஆரத்தி சுற்றுவார்கள். அவை இருக்கும்வரை ஏரிப் பக்கம் மேளம் கொட்ட மாட்டார்கள், வலை வீச மாட்டார்கள், உரக்கச் சண்டைகூடப் போட மாட்டார்கள். சண்டை போட்டே தீரவேண்டும் என்றால் ஊருக்குத் தெற்கே போய்ப் போட்டுவிட்டு வருவார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்ட தாழைக்கரைப் பெண்கள் பறவைகளோடு வருவார்கள். பங்குனியில் தென்றல் எழுந்து வாத்துகள் கிளம்புகிற அன்று அவர்களும் கிளம்புவார்கள். அதற்கு முன்னே போனால் பிறந்த வீட்டுக்குக் குறை. பின்னே போனால் புகுந்த வீட்டுக்குக் குறை. வடக்கே போகும் வணிகர்களின் மாட்டுவண்டிகளும் அந்த நாளுக்காகக் காத்திருக்கும். பறவை கிளம்பாமல் வண்டி கிளம்பாது.

அன்றைக்கு ஊரே கரையில் நின்று, "போயிட்டு வாங்க" என்று ஒரு முறை சொல்லும். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது.

கண்டனுக்கு ஒரே மகள். பெயர் நங்கை. தாயில்லாப் பிள்ளை. அவளைத் தோளில் தூக்கித் திரிந்ததும் அவன்தான், சோறூட்டியதும் அவன்தான், கோணல் வகிடெடுத்துத் தலை பின்னிவிட்டதும் அவன்தான். வடக்கே மூன்று ஆறு தாண்டி, மொழியே மாறிப்போகிற தேசத்தில், ஒரு வணிகனுக்கு அவளைக் கொடுத்திருந்தான். நல்ல இடம், நல்ல மாப்பிள்ளை. தூரம்தான் பொல்லாதது.

கல்யாணமான முதல் ஐப்பசியில் நங்கை வரவில்லை. வயிற்றில் பிள்ளை என்று செய்தி வந்தது. இரண்டாம் ஐப்பசியில் வரவில்லை. பிள்ளை கைக்குழந்தை என்று செய்தி வந்தது. மூன்றாம் ஐப்பசியில் ஆறுகளில் வெள்ளம் என்று செய்தி வந்தது. மூன்று முறையும் கண்டன் கரையில் நின்று வாத்துகள் இறங்குவதைப் பார்த்தான். பிறகு வண்டிகள் வருவதைப் பார்த்தான். எல்லா வண்டியும் வந்து முடிந்த பிறகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகளின் சிரிப்புக் கேட்கும்போது தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான்.

நான்காம் முறை அவனால் பொறுக்க முடியவில்லை. வணிகர்களிடம் சொல்லி அனுப்பினான். "உடம்புக்கு முடியலன்னு சொல்லுங்க. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் முடியவில்லை. அது பொய்யா மெய்யா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நங்கை பதறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வண்டியிலிருந்து தனியாகத்தான் இறங்கினாள். வழியில் வெள்ளம் இன்னும் வடியவில்லை, இப்போதுதான் பால்குடி மறந்த பிள்ளையை அனுப்ப முடியாது என்று மாமியார் தன்னிடம் வைத்துக்கொண்டாளாம். மகள் வாசலில் கால் வைத்ததும் சாகக் கிடந்த தகப்பன் எழுந்து, ஒரு படி அரிசிச் சோறு கேட்டான். நங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டாள்.

"பேரன் எப்படி இருக்கான் தாயி?"

அவள் கையைத் தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்திக் காட்டினாள். "இம்புட்டு உசரம் இருக்கான்பா."

கார்த்திகையில் அடுத்த வீட்டுக்காரி கேட்டபோது கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். மார்கழியில் இன்னும் கொஞ்சம். பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டிருப்பான் அல்லவா? சாயங்காலம் ஆனால் கரைக்குப் போய் வடக்கே பார்த்து நிற்பாள். மகள் பறவை பார்க்கிறாள் என்று கண்டன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

தை பிறந்ததும் அவனுக்குப் பயம் பிடித்தது. பங்குனி வந்துவிடும், தென்றல் வந்துவிடும், பறவை போய்விடும், மகள் போய்விடுவாள். யோசித்தான், யோசித்தான். கடைசியில் ஒன்று தோன்றியது. பறவை போனால்தானே மகள் போவாள்? பறவையே போகாவிட்டால்?

முதலில் நெல்லைக் கையில் எடுத்தான். வயிறு நிறைந்தால் வழி மறந்துபோகும் என்று கணக்குப் போட்டு, காலையிலும் மாலையிலும் கரையில் நெல்லை வாரி இறைத்தான். மடைக்காவலன் சாத்தன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அய்யா, வீட்டுக் கோழிக்குக்கூட நீங்க இப்படி நெல்லு போட்டதில்லையே!"

"நம்ம பொண்ணுக சாப்பிடட்டும்ல. உனக்கென்ன?"

வாத்துக் கூட்டத்தில் ஒரு பெண் வாத்து இருந்தது. அதன் இடது கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை நடுவில் சற்று உடைந்திருக்கும். பறக்கும்போது அதுதான் முன்னால் போகும். அதன் குரல் கேட்ட பக்கம்தான் கூட்டம் திரும்பும். ஊர் அதை முன்பறவை என்று கூப்பிட்டது. முதலில் தள்ளி நின்று தின்ற முன்பறவை, பிறகு பக்கத்தில் வந்து தின்றது, பிறகு கண்டனின் உள்ளங்கையிலேயே தின்றது. ஆனால் மாசி பிறந்ததும் நெல்லை விட்டுவிட்டுச் சிறகை விரித்து விரித்துப் பார்க்கத் தொடங்கியது.

அடுத்ததாகத் தண்ணீரைப் பிடித்தான். ஏரி வற்றினால்தானே பறவை போகும்? மடையை அடைக்கச் சொன்னான். வயலில் அப்போதுதான் கதிர் பால் பிடிக்கிற நேரம். கொற்றி என்ற உழவர் வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"அய்யா, இப்ப தண்ணி விடலன்னா பயிரு பதராப் போயிருமே!"

"பறவைகளுக்குத் தண்ணி வேணும்ல கொற்றி? பொறந்த வீட்டுக்கு வந்த பிள்ளைகளத் தண்ணியில்லாம விடச் சொல்றியா?"

வேறு எந்த ஊராக இருந்தாலும் கொற்றி மண்வெட்டியோடு மடைக்குப் போயிருப்பாள். தாழைக்கரையில் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். பயிர் வாடியது. ஏரி நிறைந்தே இருந்தது. ஆனாலும் ஒருநாள் தென்றல் வந்துவிட்டது. வாத்துகள் கூட்டமாக எழும்பி, வட்டமடித்து, இறங்கின. பயணத்துக்கு முன்னால் அவை எப்போதும் அப்படித்தான் செய்யும்.

மூன்றாவதாகக் கண்டன் கத்தரியை எடுத்தான்.

விடிந்தும் விடியாத வேளையில் தனியாகக் கரைக்குப் போனான். கையை நீட்டினான். முன்பறவை வந்தது. உள்ளங்கையில் இருந்த நெல்லைத் தின்றது. அவன் அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, மடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு சிறகிலும் நீண்ட இறகுகளை நறுக்கினான். அது கத்தவில்லை. தெரிந்தவன் கைதானே என்று சும்மா இருந்திருக்கும். அந்த ஊர் உண்டான நாளிலிருந்து யாரும் அந்தப் பறவைகளின்மேல் கை வைத்ததில்லை. நறுக்கிய இறகுகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து, வீட்டில் நெற்குதிருக்குள் ஆழமாகப் புதைத்தான்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. வண்டிகள் பூட்டி நின்றன. ஊர் கரையில் கூடியது. வாத்துகள் எழும்பின. முன்பறவையும் தண்ணீரின்மேல் ஓடியது, அடித்தது, எழும்ப முயன்றது, விழுந்தது. பிறகு கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. மேலே போன கூட்டம் முழுவதும் திரும்பி வந்து இறங்கிவிட்டது.

ஊருக்கு ஆச்சரியம், சந்தோஷமும்கூட. "இந்த வருசம் நம்ம பிள்ளைகளுக்குப் போக மனசில்ல" என்றார்கள். மாடுகளை அவிழ்த்துக் கட்டினார்கள். மறுநாள் கூட்டம் எழும்பியது. முன்பறவை கூப்பிட்டது. கூட்டம் இறங்கியது. அதற்கு மறுநாளும் அப்படியே. அன்று கண்டன் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவன் இரண்டு முறை வாங்கிக் குடித்தான். நங்கையின் இலையில் வைத்த பாயசம் ஆறிப்போயிற்று.

சித்திரை வெயில் வந்தது. தென்றல் நின்றது. அடைத்து வைத்த தண்ணீர் பச்சையாகி நாற்றமெடுத்தது. பனிதேசத்துப் பறவைகள் அந்தச் சூட்டை எங்கே கண்டன? அலகைத் திறந்தபடி தாழம்புதர் நிழலில் ஒண்டிக் கிடந்தன. போன வருடம் பிறந்த இளம் வாத்து ஒன்று கரையில் செத்துக் கிடந்தது. பெண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் சிரிப்பு அடங்கிவிட்டது. அவரவர் புகுந்த வீட்டு நினைப்பில் அவரவர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்சமிருந்த பறவைகளுக்காவது நெல் போடலாம் என்று நங்கை குதிருக்குள் கையை விட்டாள். நெல்லோடு இறகுகள் வந்தன.

அவற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"யாருப்பா செஞ்சது?"

கண்டனின் பார்வை குதிர்ப் பக்கம் போயிற்று.

"நீங்களா?"

"நீ போயிருவியே தாயி" என்றான். "மூணு வருசம் அந்தக் கரையில நான் நின்னது உனக்குத் தெரியாது."

அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்து, வழக்கம்போலப் பிள்ளையின் உயரத்தைக் காட்டக் கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் மேலும் கீழும் தடுமாறியது.

"வந்தப்ப எம்புட்டு உசரம்னு தெரியும். இப்பக் கையை எங்க நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியலப்பா. நீங்க என்னைத் தேடுன மாதிரிதான அவனும் என்னைத் தேடுவான்?"

கண்டனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் பாருங்கள், ஆசை லேசில் விடாது. "பறவை கிளம்பட்டும். நீயும் கிளம்பு. நானா வேண்டாம்னேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்டிய இறகு ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, கோடைக்கு நடுவே எங்கிருந்தோ தென்காற்று ஒன்று வந்தது. தவறிப்போய் வந்த காற்றாக இருக்கும். வாத்துகள் தலையைத் தூக்கின. ஊர் கரைக்கு வந்தது. நங்கை வந்தாள். கண்டனும் வந்து மடை ஓரம் நின்றான்.

கூட்டம் எழும்பியது. எல்லோரும் முன்பறவையைப் பார்த்தார்கள். இப்போது கூப்பிடும், அவை இறங்கிவிடும் என்று நினைத்தார்கள்.

முன்பறவை கூப்பிடவில்லை.

இளம் பறவை செத்துக் கிடந்த இடத்துக்கு அருகில், தண்ணீரில் அசையாமல் நின்றது. கழுத்தை மடக்கி, அலகை மார்பு இறகுக்குள் புதைத்துக்கொண்டது. கூட்டம் ஒரு முறை வட்டமடித்தது. சத்தமில்லை. இரண்டாம் முறை வட்டமடித்தது. சத்தமில்லை. மூன்றாம் முறை, அதன் இணையான ஆண் வாத்து மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து, அதன் தலைக்கு மேலேயே பறந்து கூவியது. முன்பறவை தலையைத் தூக்கவில்லை. ஆண் வாத்து மேலே ஏறியது. கூட்டம் வடக்கே திரும்பியது. முன்னால் யார் போவது என்று தெரியாமல் வரிசை கொஞ்ச தூரம் கலைந்து கலைந்து போயிற்று. பிறகு சேர்ந்துகொண்டது.

கடைசிப் புள்ளியும் மறைந்த பிறகுதான் முன்பறவை கழுத்தை நீட்டியது. வடக்கே பார்த்து ஒரே ஒரு முறை கூப்பிட்டது. கேட்க அங்கே யாரும் இல்லை.

கண்டன் கேட்டான். மடைக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். சிறகை நறுக்கியவன் அவன். சிறகு நறுக்கப்பட்ட பறவை தன்னைச் சேர்ந்தவர்களைப் போகவிட்டது. ஆறறிவு படைத்த மனிதன், ஊருக்குத் தலைவன், அவனால் முடியாத காரியம் அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மடையைத் தன் கையால் திறந்தான். இறகுகளை ஊர் முன்னால் வைத்து, செய்ததைச் சொன்னான். பயிர் போனவர்களுக்குத் தன் நெற்குதிரைத் திறந்துவிடுவதாகச் சொன்னான். "என்ன தண்டனையானாலும் குடுங்க."

கொற்றிதான் பேசினாள். "எங்க வாய அடைக்க அந்தப் பறவைகளச் சொன்னீங்களே அய்யா. இனிமே இறகு முளைக்கிற வரைக்கும் அத நீங்கதான் பாத்துக்கணும். வேற என்ன தண்டனை குடுக்க?"

அன்றே வண்டிகள் கிளம்பின. நங்கை காலில் விழுந்து எழுந்தாள். கண்டன் அவள் தலையில் கை வைத்து, "போயிட்டு வா தாயி" என்றான். வண்டி நகர்ந்தது. அவன் தொண்டை வரைக்கும் அவள் பெயர் வந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். வண்டி திருப்பத்தில் மறைந்தபோதும் கூப்பிடவில்லை.

அந்தக் கோடை முழுவதும் கரையில் இரண்டு பேர்தான். ஒன்று முன்பறவை, ஒன்று கண்டன். ஏரி சுருங்கியதும் குட்டை வெட்டினான். வெயில் ஏறியதும் பனையோலைப் பந்தல் போட்டான். முன்பறவை அவன் கையில் தின்னவில்லை. நெல்லைத் தரையில் வைத்துவிட்டு அவன் தள்ளிப் போனால்தான் வந்து தின்னும். சாயங்காலம் ஆனால் குட்டையை விட்டு வெளியே வந்து வடக்கே பார்த்து நிற்கும். மகள் தினமும் அதே இடத்தில் நின்றது எதற்கென்று கண்டனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பழைய இறகுகள் உதிர்ந்தன. புது இறகுகள் முளைத்து நீண்டன. ஆவணியில் ஒருநாள் முன்பறவை எழும்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் இறங்கியது. தனியாக எங்கே போகும்?

ஐப்பசி வந்தது. வாடை திரும்பியது. நாரை இறங்கியது, கூழைக்கடா இறங்கியது. பிறகு ஒரு காலையில், வெகு உயரத்தில், ஒரே ஒரு வாத்து வந்தது. கூட்டத்தைவிட ஒரு நாள் முந்தி வந்திருந்தது அது. முன்பறவை கழுத்தை நீட்டியது. ஆனால் கூப்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. புதுச் சிறகை அடித்து நேராக மேலே போயிற்று. ஏரிக்கு மேலே இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கூவியது ஊர் முழுவதும் கேட்டது. வெகு நேரம் கழித்துத்தான் கீழே இறங்கின.

மறுநாள் கூட்டம் வந்தது. அதற்குப் பின்னால் வண்டிகள் வந்தன. கடைசி வண்டியிலிருந்து நங்கை இறங்கினாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் இறங்கினான். அவள் அன்று கையால் காட்டிய எல்லா உயரத்தையும்விட அவன் வளர்ந்திருந்தான்.

"போய்ச் சேர்ந்தப்ப என்னைத் தெரியலப்பா அவனுக்கு" என்றாள் நங்கை மெதுவாக. "'இது யாரு?'ன்னு மாமியார்கிட்டக் கேட்டான். கிட்ட வரவே பல நாளாச்சு."

கண்டன் பேரனுக்கு முன்னால் உட்கார்ந்தான். பேரனுக்குத் தாத்தாவின் மொழி தெரியாது, தாத்தாவுக்குப் பேரனின் மொழி தெரியாது. கண்டன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போய் வாத்துகளைக் காட்டினான். ஐந்து மாதமும் காட்டிக்கொண்டே இருந்தான்.

வயல் விளைந்தது. பங்குனி வந்தது. தென்றல் எழுந்த காலையில் முன்பறவை முன்னால் எழும்பியது, இணை அதன் பக்கத்தில் எழும்பியது, கூட்டம் பின்னால் எழும்பியது. ஊர் ஒரே குரலில் வழியனுப்பியது. கண்டனின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. அவன் தாடியெல்லாம் கண்ணீர்.

வண்டி நகர்ந்தது. இந்த முறையும் அவன் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. ஆனால் திருப்பத்தில் வண்டிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை வெளியே நீண்டது. இந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்ட தாத்தாவின் மொழியில் பேரன் கத்தினான்.

"தாத்தா, போயிட்டு வாரேன்!"

கண்டன் அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டுப் பார்த்தான்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் முடிவில் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்: போக வேண்டியவர்களை மனமார வழியனுப்பத் தெரிந்தவர்களுக்கே, அவர்கள் மனமாரத் திரும்பி வருகிற நாளைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கும்.